அதிகாரத் தொலைவு: தேசியப் பண்பாடுகளை அளக்கும் மேலாண்மை குறித்துச் சில குறிப்புகள்

1

விமர்சனம் சோறு போடாது என்பது இந்தப் பக்கங்களை வாசிக்கிற நண்பர்களுக்குத் தெரிந்ததுதான். தமிழ் எம்.ஏ. படித்துவிட்டுத் திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு கட்டுரை எழுதுகிறவன், இன்சூரன்ஸ் படிவம், மருந்து டப்பாவுக்குள் வைக்கிற துண்டுத்தாள், கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கை என்று எது வந்தாலும் மொழிபெயர்த்துக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். அப்படி வந்த வேலைகளில் ஒன்று ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பயிற்சிக் கையேடு. கம்பெனியின் பெயர் இங்கே அவசியமில்லை. இந்த மாதிரிக் கையேடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். வெளிநாட்டிலிருந்து வருகிற மேலாளர்களும் உள்ளூர் சூப்பர்வைசர்களும் ஒருவரையொருவர் 'பண்பாட்டு ரீதியாக'ப் புரிந்துகொள்வதற்கான கையேடு அது.

அதில் ஓர் அட்டவணை. இடப்பக்கம் நாடுகளின் பெயர்கள், வலப்பக்கம் எண்கள். கீழே ஒரு வரி: இந்தியா அதிகாரத் தொலைவு மிகுந்த பண்பாடு, எனவே இந்தியத் தொழிலாளர்கள் மேலதிகாரியிடம் 'முடியாது' என்று சொல்வதில்லை. 'அதிகாரத் தொலைவு' என்பது நான் போட்ட தமிழ். வேறு சொல் அகப்படவில்லை.

அப்போது கார்த்திகை தீபத்துக்கு லீவு போட்டுவிட்டு என் சித்தப்பா மகள் வந்திருந்தாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹாஸ்டலில் தங்கி ஷிப்ட் வேலை பார்க்கிறவள். மேசைமேல் கிடந்த தாளை எடுத்து அந்த வரியைப் படித்தாள்.

"யாருண்ணா இத எழுதினது? நாங்க சொல்லுவோமே. அவங்க காதுல விழாது, அவ்ளோதான்."

"எப்படிச் சொல்லுவீங்க?"

"லைன்ல ஒருத்திக்கு ஒடம்பு முடியலன்னு வச்சிக்க. உக்கார விடமாட்டாங்க. நாங்க எல்லாருமா கையக் கொஞ்சம் மெதுவாக்கிடுவோம். டார்கெட் வராது. அப்புறம் சூப்பர்வைசரே வந்து 'என்னம்மா ஆச்சு'ன்னு கேப்பாரு. அப்பச் சொல்லுவோம்."

கையேட்டின் எண்ணுக்கும் இவள் சொன்னதற்கும் நடுவில் இருக்கிற இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. தேசியப் பண்பாடுகளை ஒப்பிட்டு அவற்றுக்கேற்ப நிர்வாகம் செய்வது என்கிற கருத்தாக்கம் எங்கிருந்து வந்தது, என்ன செய்கிறது, நம் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் அதற்கு என்ன வேலை என்பதை முடிந்தவரை விளக்கிப் பார்க்கிறேன்.

2

இந்தத் துறையின் மூல நூல் என்று சொல்லத்தக்கது டச்சுச் சமூக உளவியலாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட் 1980இல் வெளியிட்ட 'பண்பாட்டின் விளைவுகள்'. ஹாஃப்ஸ்டெட் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றியவர். 1967க்கும் 1973க்கும் இடையில் அந்த நிறுவனம் உலகெங்கும் இருந்த தன் ஊழியர்களிடம் இரண்டு சுற்றுகளாகக் கருத்துக் கணிப்பு நடத்தியது. 1,16,000க்கும் மேற்பட்ட வினாத்தாள்கள் சேர்ந்தன. எல்லோரும் ஒரே கம்பெனி, ஒரே மாதிரி வேலை. ஆகவே பதில்களில் தெரிகிற வேறுபாடு நாட்டின் வேறுபாடாகத்தான் இருக்கவேண்டும் என்பது அவருடைய தர்க்கம். முதல் பதிப்பில் 40 நாடுகளுக்கு எண்கள் தரப்பட்டன.

அவர் வகுத்த அளவைகள் நான்கு. அதிகாரம் சமமற்றுப் பங்கிடப்பட்டிருப்பதைக் கீழே இருப்பவர்கள் எவ்வளவு தூரம் எதிர்பார்க்கிறார்கள், ஏற்கிறார்கள் என்பது அதிகாரத் தொலைவு. தன்னை முன்னிறுத்துவதா, தான் சார்ந்த கூட்டத்தை முன்னிறுத்துவதா என்பது இரண்டாவது. போட்டி, வெற்றி ஆகியவற்றை 'ஆண்மை' என்றும் அனுசரணையைப் 'பெண்மை' என்றும் பிரிப்பது மூன்றாவது (இந்தப் பெயரிடலே தனிக் கட்டுரைக்கு உரியது). நிச்சயமின்மையை எவ்வளவு சகித்துக்கொள்கிறார்கள் என்பது நான்காவது. நீண்டகால நோக்கு, துய்ப்பு ஆகியவை பிற்பாடு சேர்ந்தன. அதிகாரத் தொலைவில் இந்தியாவுக்கு 77, தென்கொரியாவுக்கு 60, ஜப்பானுக்கு 54, அமெரிக்காவுக்கு 40. என் கையேட்டில் இருந்த அட்டவணை இதுதான்.

ஹாஃப்ஸ்டெட்டை ஒரேயடியாகத் தூக்கி எறிந்துவிட முடியாது. அமெரிக்க வணிகப் பள்ளிகளில் உருவான மேலாண்மைக் கோட்பாடுகள் உலகம் முழுமைக்கும் பொருந்துமா என்று 1980இல் ஒரு கட்டுரையில் அவர் வெளிப்படையாகவே கேட்டார். பொருந்தாது என்பது அவர் பதில். அமெரிக்கத் தொழிலாளியின் மனதை மனித மனம் என்று விற்றுக்கொண்டிருந்த காலத்தில் அது சின்ன விஷயமில்லை. தன் எண்கள் நாடுகளைப் பற்றியவை, தனிமனிதர்களைப் பற்றியவை அல்ல என்றும் எச்சரித்திருக்கிறார். எண் கையேட்டுக்கு வந்து சேர்ந்தது, எச்சரிக்கை வந்து சேரவில்லை.

3

சிக்கல் எண் எப்படிப் பிறந்தது என்பதில் தொடங்குகிறது. அதிகாரத் தொலைவைக் கணக்கிடப் பயன்பட்டவை முக்கியமாக மூன்று கேள்விகள். மேலாளரோடு கருத்து மாறுபட ஊழியர்கள் எந்த அளவு பயப்படுகிறார்கள்? உங்கள் மேலாளர் எப்படிப்பட்டவர்? எப்படிப்பட்ட மேலாளர் வேண்டும்? இவற்றுக்கு வந்த பதில்கள் ஒரு சூத்திரத்துக்குள் போய் ஓர் எண்ணாக வெளிவருகின்றன.

முதல் கேள்வி பயத்தைக் கேட்கிறது. வெளிவருகிற எண்ணுக்குப் பெயரோ 'ஏற்பு'. பயப்படுகிறவன் எதை ஏற்றுக்கொள்கிறான்? வேலை போய்விடும் என்கிற கணக்கு ஒன்று, இதுதான் நியாயம் என்கிற நம்பிக்கை வேறொன்று. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கியபின் கிடைக்கிற கலவைக்குப் 'பண்பாடு' என்று பெயர் சூட்டப்படுகிறது. இந்தச் சொல்லாடலின் மையமான செயல்பாடு இது என்று நினைக்கிறேன். அதிகார உறவின் விளைவாக இருக்கும் பயம், அந்த உறவுக்குக் காரணமான பண்பாடாகத் தலைகீழாகிறது. அதன்பின் மேலாளர் அதட்டலாம். அதட்டுவது இந்த மண்ணின் பண்பாட்டுக்கு மரியாதை செய்வதாகிவிடும்.

அடுத்தது, பதில் சொன்னவர்கள் யார்? பெரும்பாலும் விற்பனை சார்ந்த பிரிவுகளில் இருந்த ஐ.பி.எம். ஊழியர்கள். பிரெண்டன் மெக்ஸ்வீனி 2002இல் எழுதிய கடுமையான விமர்சனத்தில், பாகிஸ்தானில் முதல் சுற்றில் 37 பேர், இரண்டாம் சுற்றில் 70 பேர் என்று எடுத்துக்காட்டினார். ஒரு தேசத்தின் மனம் இத்தனை பேரிடம் அகப்பட்டுவிட்டது. இந்தியாவில் 1960களின் பிற்பகுதியில் ஐ.பி.எம்.மில் வேலை பார்த்தவர்கள் எந்த மொழி படித்தவர்கள், எந்தத் தெருக்காரர்கள் என்று ஊகிக்க ஆராய்ச்சி ஒன்றும் வேண்டாம்.

அந்த வினாத்தாள்கள் நிரப்பப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணி நடந்தது. கூலி உயர்வு கேட்ட விவசாயக் கூலிகளின் குடும்பங்களைச் சேர்ந்த தலித்துகள் 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். அவர்கள் சங்கம் வைத்திருந்தார்கள், கொடி பிடித்திருந்தார்கள், 'முடியாது' என்று சொன்னார்கள். சொன்னதற்குத்தான் அந்தத் தண்டனை. 77 என்கிற எண்ணுக்குள் கொளுத்தியவர்களும் இருக்கிறார்கள், கொளுத்தப்பட்டவர்களும் இருக்கிறார்கள். எண் இருவரையும் 'இந்தியப் பண்பாடு' என்றே அழைக்கிறது.

'அதிகாரத் தொலைவு' என்று தமிழில் எழுதியபோது எனக்குக் கை கூசியதற்குக் காரணம் உண்டு. நம்மூரில் தொலைவு என்பது உருவகம் அல்ல. எத்தனை அடி தள்ளி நிற்கவேண்டும் என்று வகுத்துவைத்த சமூகம் இது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருப்பது அளக்கக்கூடிய தூரம். எங்கள் மாவட்டத்தில் தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில், சுமார் 80 ஆண்டுகளாக மறுக்கப்பட்டிருந்த முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் 2023 ஜனவரி 30 அன்று போலீஸ் பாதுகாப்போடு நுழைந்தார்கள். அந்தத் தொலைவை 80 ஆண்டுகள் காத்து நின்றவர்கள் யார், கடந்து போனவர்கள் யார் என்று கேட்காமல் 'இந்தியர்கள் தொலைவை ஏற்கிறார்கள்' என்று எழுதமுடியுமா? ஒரு தேசத்துக்கு ஒரு பண்பாடு என்கிற அலகே இங்கு உடைந்துபோகிறது.

4

சரி, ஜப்பான் அப்படியில்லையே, அங்கே உழைப்பும் விசுவாசமும் ரத்தத்திலேயே ஊறியவை அல்லவா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. சின்ன வயதில் நாமெல்லாம் கேட்டு வளர்ந்த கதை அது: ஜப்பான்காரன் வேலைநிறுத்தம் செய்தால் கறுப்புப் பட்டை அணிந்துகொண்டு இன்னும் அதிகமாக உற்பத்தி செய்வான். மேடையில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்காத பேச்சாளர் குறைவு.

வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. 1950இல் டொயோட்டாவில் ஆட்குறைப்புக்கு எதிராகப் பெரும் போராட்டம் நடந்து, கம்பெனியை நிறுவிய கீச்சிரோ டொயோடாவே பதவி விலகினார். 1953இல் நிஸ்ஸானில் நீண்ட மோதல். போர்க்குணம் கொண்ட சங்கம் உடைக்கப்பட்டு நிர்வாகத்துக்கு இணக்கமான இரண்டாவது சங்கம் வந்தது. 1960இல் மீக்கே நிலக்கரிச் சுரங்கத்தில் மாதக்கணக்கில் போராட்டம். ஆயுள்கால வேலை, பணிமூப்புக்கேற்ற சம்பளம், கம்பெனிக்குள்ளேயே அடங்கும் சங்கம் என்று பின்னாளில் 'ஜப்பானியப் பண்பாடு' ஆகிய மூன்றும் இப்போதைய வடிவில் உறுதிப்பட்டது இந்த மோதல்களின் சமரசமாகத்தான். ஜப்பானின் அடையாளமாகிவிட்ட தரக் கட்டுப்பாட்டுக்கும் ஒரு கதை உண்டு. அதன் முக்கிய ஆசிரியர்களில் ஒருவரான டெமிங் 1950இல் அங்கு போய் வகுப்பெடுத்த அமெரிக்கப் புள்ளியியலாளர். பண்பாடு என்று நமக்குக் காட்டப்பட்டது சண்டையும் இரவலும் சேர்ந்து செய்த ஒன்று.

அது இந்தியாவுக்கும் வந்தது. 1982இல் மாருதியும் சுசுகியும் ஒப்பந்தம் போட்டு, 1983 டிசம்பரில் முதல் கார் வெளிவந்தது. மேலாளருக்கும் தொழிலாளிக்கும் ஒரே சீருடை, ஒரே கேன்டீன். இந்தியத் தொழிற்சாலைகளில் அதுவரை வழக்கத்தில் இல்லாத இந்தச் சமத்துவம் ஜப்பானிய அதிசயமாகப் பேசப்பட்டது. பொய் என்று சொல்லமாட்டேன், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது இந்த நாட்டில் சாதாரணக் காரியமல்ல. ஆனால் அதே கம்பெனியின் மானேசர் ஆலையில் 2011இல் தொழிலாளர்கள் கேட்டது தாங்களே அமைத்துக்கொள்ளும் சங்கம். 2012 ஜூலை 18 அன்று அங்கு நடந்த வன்முறையில் மனிதவளப் பொது மேலாளர் ஒருவர் உயிரிழந்தார். ஒரு தலித் தொழிலாளியைச் சூப்பர்வைசர் சாதி சொல்லி இழிவுபடுத்தியதில்தான் அன்றைய தகராறு தொடங்கியது என்பது தொழிலாளர் தரப்பு. நிர்வாகத்தின் கூற்று வேறு. 2017இல் 31 பேர் தண்டிக்கப்பட்டார்கள், அவர்களில் 13 பேருக்கு ஆயுள். 117 பேர் விடுவிக்கப்பட்டார்கள். ஒரே சீருடை உடலின்மேல் இருந்தது. சீருடைக்குள் இருந்ததைப் பற்றிப் பண்பாட்டு அட்டவணையில் எந்தப் பத்தியும் இல்லை.

5

நமக்குக் கிட்டத்தில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் சுங்குவார்சத்திரத்தை ஒட்டிய சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. ஏறக்குறைய 1,800 தொழிலாளர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியே வந்தார்கள். 37 நாள். சம்பள உயர்வு கேட்டார்கள். அதற்கும் மேலாகத் தாங்கள் சி.ஐ.டி.யு. துணையோடு அமைத்த சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டார்கள். சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்கிற சொல் வரக்கூடாது என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. விவகாரம் உயர்நீதிமன்றம்வரை போய், 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது.

அந்த நாட்களில் தேநீர்க் கடையிலும் தொலைக்காட்சியிலும் கேட்ட விளக்கம் இது: "கொரியாக்காரன் கலாச்சாரம் வேற, நம்ம கலாச்சாரம் வேற. அவன் ராணுவம் மாதிரி வேலை வாங்குவான். நம்ம ஆளுக்கு ஒத்துவராது." தொழிலாளர்மேல் அனுதாபம் கொண்டவர்களும் இதையே சொன்னார்கள்.

கொரியாவில் என்ன நடந்தது? 1987இல் ராணுவ ஆட்சிக்கு எதிரான ஜூன் எழுச்சியைத் தொடர்ந்து ஜூலை முதல் செப்டம்பர்வரை 3,000க்கும் மேற்பட்ட தொழில் தகராறுகள் வெடித்தன. உல்சானில் ஹூண்டாய்த் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தார்கள். சாம்சங்கில் மட்டும் 'சங்கமில்லா நிர்வாகம்' என்பது நிறுவனர் லீ பியுங் சுல் காலத்திலிருந்து கொள்கையாகவே நீடித்தது. அதற்காக லீ ஜே யோங் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். 2024 ஜூன், ஜூலை மாதங்களில் சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் தன் வரலாற்றிலேயே முதல் முறையாக வேலைநிறுத்தத்தைச் சந்தித்தது, சொந்த நாட்டில். அதற்கு இரண்டு மாதம் கழித்துச் சுங்குவார்சத்திரம்.

அதிகாரத் தொலைவு 60 என்று குறிக்கப்பட்ட நாட்டிலும் 77 என்று குறிக்கப்பட்ட நாட்டிலும் ஒரே ஆண்டில், ஒரே முதலாளியிடம், சம்பளத்தையும் சங்கத்தையும் முன்வைத்து வேலையை நிறுத்தியிருக்கிறார்கள். அப்படியென்றால் சுங்குவார்சத்திரத்தில் மோதிக்கொண்டவை கொரியப் பண்பாடும் தமிழ்ப் பண்பாடுமா? ஒரு கம்பெனியின் கொள்கையும், அந்தக் கொள்கையை இரு நாடுகளிலும் எதிர்த்தவர்களுமே மோதிக்கொண்டார்கள். 'கொரியாக்காரன் கலாச்சாரம்' என்று சொல்லும்போது கொரியத் தொழிலாளியை நம் பார்வையிலிருந்து அழித்துவிட்டு முதலாளியைக் கொரியாவாக்குகிறோம். அனுதாபத்தோடு செய்தாலும் அது அட்டவணையின் வேலைதான்.

இதில் நம் பக்கத்து நினைவிழப்பும் சேர்ந்திருக்கிறது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது பெரம்பூரில், பின்னி கம்பெனியின் ஆலைத் தொழிலாளர்களிடையே. சங்கத் தலைவர்கள்மேல் கம்பெனி வழக்குத் தொடுத்து நீதிமன்றத் தடையும் வாங்கியது. அந்த வழக்கு எழுப்பிய கேள்விகளின் தொடர்ச்சியாகவே 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதே ஆலையின் 1921 வேலைநிறுத்தம் சாதியால் பிளவுபட்டது, புளியந்தோப்பு எரிந்தது. இரண்டும் நம் வரலாறு. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு 'நம் பண்பாடு' என்று பேசமுடியாது.

6

'பண்பாடு' என்கிற சொல்லுக்கே வயது அதிகமில்லை. 'கல்ச்சர்' என்பதற்கு ஈடாக அதை டி.கே.சி. வழக்கில் கொண்டுவந்தார் என்று வையாபுரிப்பிள்ளை குறிப்பிட்டிருப்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரிந்த செய்தி. புதிதாக வந்த சொல் மிகப் பழையதைக் குறிப்பதுபோல் பாவனை செய்வதில்தான் அதன் பலம் இருக்கிறது. மேடைக்காரர்கள் அதை ஒரு விதமாகப் பயன்படுத்தினார்கள், எச்.ஆர். அறைகள் இன்னொரு விதமாகப் பயன்படுத்துகின்றன.

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தியை நினைவுபடுத்திக்கொள்ளலாம். ஸ்ரீபெரும்புதூர் பகுதி ஃபாக்ஸ்கான் ஆலையின் ஐபோன் பணிகளுக்குத் திருமணமான பெண்கள் ஒதுக்கப்பட்டார்கள் என்றது அச்செய்தி. ஆளெடுக்கும் தரப்பினர் சொன்ன காரணங்கள் குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், அதிக விடுப்பு. மணமான இந்துப் பெண்கள் அணியும் நகை உற்பத்திக்கு இடைஞ்சல் என்பதும் அதில் வந்தது. கம்பெனி குற்றச்சாட்டை மறுத்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. இங்கே தாலியும் மெட்டியும் எதற்கான குறிகள் ஆகின்றன என்று பாருங்கள். பிள்ளைக் காப்பகமும் பிரசவ விடுப்பும் செலவு என்கிற கணக்கு, 'உங்கள் பண்பாடு அப்படி' என்கிற பணிவான வாக்கியமாக உருமாறிவிடுகிறது. அதே ஆலையின் பெண்கள் 2021 டிசம்பரில் ஹாஸ்டல் உணவால் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, இரவில் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். 'முடியாது' என்று சொல்லத் தெரியாதவர்கள் என்றா அவர்களைச் சொல்வது?

அப்படியானால் பண்பாட்டு வேறுபாடு என்று ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. எங்கள் மாவட்டத்துச் செய்யாறு சிப்காட்டில் தைவானின் ஃபெங் டே குழுமத்தின் ஆலையில் நம் கிராமத்துப் பெண்கள் அமெரிக்க நைக்கிக்குக் காலணி தைக்கிறார்கள். மொழி, சாப்பாடு, பண்டிகை, கோபத்தைக் காட்டும் விதம் எல்லாம் வேறுபடத்தான் செய்யும். இந்த வேறுபாட்டை எப்படிப் பார்ப்பது என்பதற்கு எனக்குத் திணைக் கோட்பாடு கைகொடுக்கிறது. அதுவும் ஓர் அட்டவணைதான். நிலம், பொழுது, தெய்வம், தொழில், உணர்வு என்று கட்டம் கட்டியதுதான். ஆனால் கட்டம் கட்டிய தொல்காப்பியரே திணை மயங்குவதை விலக்கவில்லை. எது எதோடு மயங்கலாம் என்பதையும் சேர்த்தே இலக்கணமாக்கினார். ஹாஃப்ஸ்டெட்டின் அட்டவணையில் மயக்கம் கிடையாது. கம்பெனிப் பேருந்தில் இருப்பதெல்லாம் மயக்கம்தான். ஊர்ப் பெண்ணும் சேரிப் பெண்ணும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து போகிறார்கள். இறங்கினால் வேறு வேறு தெரு. சுரண்டலின் வாகனமும் அதுதான், தொலைவு கொஞ்சம் குறைகிற இடமும் அதுதான். இரண்டையும் சேர்த்துச் சொல்கிற மொழி நமக்கு வேண்டும்.

தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிப்காட்டுகளில் புழங்குகிற பயிற்சிக் கையேடுகள், கேன்டீன் சுவரொட்டிகள், எச்.ஆர். சுற்றறிக்கைகள் ஆகியவற்றைச் சேகரியுங்கள். கவிதையையும் நாவலையும் வாசிக்கிற கவனத்தோடு அவற்றை வாசிக்கவேண்டியிருக்கிறது. வாசிக்கும்போது மூன்று கேள்விகள் போதும். 'பண்பாடு' என்று இங்கே யார் பேசுகிறார்கள்? அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன மிஞ்சுகிறது, பயமா, செலவா, சாதியா? அந்த வாக்கியத்தை யாரைப் பற்றி எழுதினார்களோ அவர்களிடம் படித்துக் காட்டினால் என்ன சொல்வார்கள்?

அந்தக் கையேட்டை முடித்துக் கொடுத்துக் கூலி வாங்கிவிட்டேன். மறைப்பதற்கில்லை. 'முடியாது என்று சொல்வதில்லை' என்கிற வரியை மட்டும் அப்படியே விட மனம் வரவில்லை. 'முடியாது என்று சொல்வதை மேலாளர்கள் கவனிப்பதில்லை' என்று தமிழில் எழுதி, மூலத்தில் பிழை இருக்கக்கூடும் என்று ஓரத்தில் குறித்து அனுப்பினேன். ஏஜென்சிக்காரர் போன் செய்து, "சார், இருக்கிறத மட்டும் எழுதுங்க" என்றார். திருத்தித்தான் கொடுத்தேன். தங்கையிடம் சொன்னபோது சிரித்தாள். "பாத்தியா, நீயும் முடியாதுன்னு சொல்லல" என்றாள்.